அனுப்பப்படாத மடல்

1863ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 13, 14 ஆகிய இரு நாள்களில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் தம் படைத்தலைவர் இருவருக்கு இரண்டு மடல்கள் எழுதினார். முதல் மடல் மேற்கே மிசிசிப்பி ஆற்றங்கரையில் வெற்றி கண்டிருந்த யுலிசீஸ் கிராண்டுக்கு உரியது. அஃது உரியவர் கையைச் சென்றடைந்தது. இரண்டாம் மடல் கிழக்கே கெட்டிஸ்பர்க் களத்தில் வென்று நின்ற ஜார்ஜ் மீடுக்கு உரியது. அதனை எழுதி முடித்த லிங்கன், உறையிலிட்டு வைத்துக்கொண்டார். அனுப்பப்படாதது, கையொப்பமிடப்படாதது என்னும் குறிப்பை அவ்வுறையின்மேல் அவரே எழுதினார்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் வரலாற்றைக் களங்களின் வரிசையாகவே பலரும் எழுதியுள்ளனர். 1861 முதல் 1865 வரை நான்காண்டுகள் நிகழ்ந்த அப்போரை அதன் மடல்களின் வழியாகவும் படிக்க இயலும். படை நடத்தியோர் ஒருவரோடு ஒருவர் நடத்திய போர், களத்தில் நடந்த போருக்குக் குறைந்ததன்று. அப்போரில் எழுதுகோலே படைக்கலம். எந்தச் சொல்லை அனுப்புவது, எந்தச் சொல்லை அடக்குவது என்னும் தெளிவு, படைப்பிரிவை எங்கே நிறுத்துவது என்னும் தெளிவுக்கு ஒப்பான ஆற்றலாக இருந்தது. வள்ளுவர் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வகுத்தார். ஆளைத் தெரிவது ஒன்று. தெரிந்தபின் அவரைக் கையாள்வது மற்றொன்று. லிங்கன் இவ்விரண்டையும் போரின் நடுவே, தோல்விகளின் ஊடே கற்றுக்கொண்டவர்.

தலைவரைத் தேடிய தலைவர்

1861 மார்ச்சு 4ஆம் நாள் லிங்கன் பதவியேற்றபோது அவருடைய போர்ப் பயிற்சி மிகச் சிறியது. 1832இல் தொல்குடியினரோடு நிகழ்ந்த பிளாக் ஹாக் போரில் சில திங்கள் ஊர்க்காவற் படையில் இருந்தார். களம் எதனையும் காணவில்லை. அவரை எதிர்த்து நின்ற தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைவர் ஜெபர்சன் டேவிசோ வெஸ்ட் பாயின்ட் படைக்கல்லூரியில் பயின்றவர். மெக்சிகோ போரில் படை நடத்தியவர். அமெரிக்க அரசின் போர்த்துறைச் செயலராகவும் இருந்தவர். இவ்விருவருள் எவர் போரை நன்கு நடத்துவார் என்று அன்று கேட்டிருப்பின், டேவிஸ் என்றே பலரும் விடை கூறியிருப்பர்.

ஏப்ரல் 12ஆம் நாள் சம்டர் கோட்டையின்மீது பீரங்கிகள் முழங்கின. ஜூலை 21இல் வாஷிங்டன் நகருக்கு அண்மையில் புல் ரன் ஓடைக்கரையில் வடபடை தோற்றுச் சிதறி ஓடியது. அத்தோல்விக்குப்பின் தலைநகருக்கு அழைக்கப்பட்டவர் ஜார்ஜ் மக்கிளெலன். அகவை முப்பத்து நான்கு. சிதைந்த கூட்டத்தை நூறாயிரத்திற்கும் மேற்பட்டோரைக் கொண்ட பயின்ற படையாக அவர் உருவாக்கினார். போட்டோமாக் படை எனப் பெயர் பெற்ற அதன் வீரர்கள் அவரை நெஞ்சார நேசித்தனர். நவம்பர் 1ஆம் நாள் முதிய தளபதி வின்பீல்டு ஸ்காட் ஓய்வு பெற, அனைத்துப் படைகளுக்கும் தலைவர் என்னும் பொறுப்பும் அவருக்கே வந்தது.

படையை ஆக்கத் தெரிந்த அவருக்கு அதனை அழிவுக்கு உட்படுத்த மனம் வரவில்லை. நவம்பர் 13ஆம் நாள் இரவு லிங்கன் அவரைக் காண அவருடைய இல்லத்திற்கே சென்று காத்திருந்தார். வீடு திரும்பிய தளபதி, குடியரசுத் தலைவர் காத்திருப்பதை அறிந்தும் மாடிக்குச் சென்று உறங்கிவிட்டார். உடன் சென்ற செயலர் ஜான் ஹே இதனைத் தம் நாட்குறிப்பில் மனக்கொதிப்போடு பதிந்துள்ளார். லிங்கனோ முறைமை பார்ப்பதற்குரிய காலம் இதுவன்று என்று அமைந்தார்.

1862 வேனிலில் மக்கிளெலன் தம் பெரும்படையைக் கடல்வழியே வர்ஜீனியத் தீவக்குறைக்குக் கொண்டுசென்றார். யார்க்டவுனில் அவரை முதலில் எதிர்கொண்டது ஏறத்தாழ 13,000 பேர் கொண்ட சிறுபடையே. அதன் தலைவர் மக்ரூடர் நாடகக்கலையில் விருப்பமுள்ளவர். தம் வீரர்களை எதிரியின் கண்ணெதிரே சுற்றிச் சுற்றி நடக்கவிட்டுப் பெரும்படை ஒன்று குவிவதுபோல் காட்டினார். மக்கிளெலன் ஒரு திங்கள் அங்கேயே தங்கி முற்றுகையிட்டார். பகைவரின் தொகையை இருமடங்காகவும் அதற்கு மேலாகவும் எண்ணிக்கொள்வது அவரிடம் இறுதிவரை நீங்காத குறை.

ஜூன் 1ஆம் நாள் தென்படையின் தலைமையை ராபர்ட் லீ ஏற்றார். அத்திங்கள் இறுதியில் நிகழ்ந்த ஏழுநாட் போர்களில் அவர் மக்கிளெலனைப் பின்வாங்கச் செய்தார். ஜூன் 28ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி மக்கிளெலன் போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனுக்கு ஒரு தந்தி விடுத்தார். இப்படையைத் தாம் காப்பாற்றினால் அதற்கான நன்றி வாஷிங்டனில் உள்ள எவருக்கும் உரியதன்று, அவர்கள் இதனைப் பலிகொடுக்கவே முயன்றனர் என்பது அதன் முடிவு. தந்தி அலுவலகத்தில் இருந்த மேலாளர் அவ்வரிகளைப் படித்துத் திகைத்து, அவற்றை நீக்கிவிட்டு எஞ்சியதை மட்டும் கொடுத்தார். அனுப்பப்பட்டும் சேராத சொற்கள் அவை. அன்று சேர்ந்திருப்பின் மக்கிளெலனின் பதவி அப்பொழுதே பறிபோயிருக்கலாம்.

பத்து நாள் கழித்து, ஜூலை 8ஆம் நாள், லிங்கன் நேரில் படைவீட்டிற்கு வந்தார். மக்கிளெலன் ஒரு மடலை அவர் கையில் கொடுத்தார். போர் எவ்வாறு நடத்தப்பெற வேண்டும் என்று குடியரசுத் தலைவருக்கே அறிவுறுத்தும் மடல் அது. தென்னாட்டாரின் உடைமையைத் தொடுதல் ஆகாது, அடிமைமுறையை வலிந்து அகற்றுதல் ஆகாது என்பது அதன் உட்கிடை. லிங்கன் அதனை அவர்முன் படித்தார், நன்றி கூறினார், மறுமொழி ஏதும் கூறவில்லை. ஆயின் அத்திங்களிலேயே, 22ஆம் நாள், அடிமைகளை விடுவிக்கும் ஆணையின் வரைவைத் தம் அமைச்சர்முன் வைத்தார். தலைமைப் போராட்டம் என்பது தனிமனிதர் செருக்கு மட்டுமன்று என்பது இங்கே புலனாகிறது. போர் எதற்காக என்னும் வினாவே அதனுள் அடங்கியிருந்தது.

செப்டம்பர் 17ஆம் நாள் ஆன்டீட்டம் ஓடைக்கரையில் இரு படைகளும் மோதின. அவ்வொரு நாளில் இருதரப்பிலும் மாண்டோர், காயமுற்றோர், காணாமற்போனோர் ஏறத்தாழ 23,000 பேர். அமெரிக்க வரலாற்றில் அதனினும் குருதி தோய்ந்த ஒரு நாள் இல்லை. லீயின் திட்டம் எழுதிய தாள் மூன்று சுருட்டுகளைச் சுற்றியபடி நான்கு நாள் முன்னரே மக்கிளெலன் கைக்குக் கிடைத்திருந்தது. அவ்வாய்ப்பு இருந்தும் அவர் சேமப்படையின் பெரும்பகுதியைக் களத்தில் இறக்கவில்லை. லீ போட்டோமாக் ஆற்றைக் கடந்து மீண்டார். பின் ஐந்து வாரங்கள் கழிந்தன. குதிரைகள் களைத்துள்ளன என்று தளபதி எழுதியபோது, ஆன்டீட்டத்திற்குப்பின் உம் குதிரைகள் களைக்கும்படி என்ன செய்தன என்று லிங்கன் தந்தியில் கேட்டார். நவம்பர் 7ஆம் நாள் பனி பொழிந்த இரவில் மக்கிளெலன் கையில் பதவி நீக்க ஆணை சேர்ந்தது.

ஹூக்கருக்கு எழுதியது

அடுத்து வந்த பர்ன்சைடு, தமக்கு இப்பொறுப்புக்குரிய தகுதி இல்லை என்று முன்னரே கூறியவர். டிசம்பர் 13இல் பிரெடரிக்ஸ்பர்க்கின் மேட்டுநிலத்தை நேர்நின்று தாக்கி 12,000க்கும் மேற்பட்டோரை இழந்து, தாம் கூறியதை மெய்யாக்கினார். அவருக்குக் கீழிருந்த தளபதிகள் அவருக்கு எதிராகத் தலைநகரில் பேசித் திரிந்தனர். அவர்களுள் முதல்வர் ஜோசப் ஹூக்கர். நாட்டுக்கும் படைக்கும் ஒரு சர்வாதிகாரி தேவை என்றும் அவர் கூறியதாகச் செய்தி வந்தது. அவரையே லிங்கன் படைத்தலைவராக்கினார். 1863 ஜனவரி 26ஆம் நாளிட்ட மடல் ஒன்றையும் எழுதினார்.

அம்மடலின் போக்கு எண்ணிப் பார்க்கத்தக்கது. முதலில் ஹூக்கரின் துணிவைப் பாராட்டுகிறது. அடுத்து, பர்ன்சைடுக்கு முடிந்தவரை தடையாக நின்றது நாட்டுக்கும் ஓர் உடன்தளபதிக்கும் இழைத்த தவறு என்று வெளிப்படையாகக் கூறுகிறது. பின்னர்ச் சர்வாதிகாரம் பற்றிய பேச்சை எடுக்கிறது. நீர் அவ்வாறு சொன்னதற்காக அன்று, சொன்னபோதிலும் இப்பொறுப்பைத் தந்தேன். வெற்றி பெறும் தளபதிகளே சர்வாதிகாரிகளாக இயலும். நான் கேட்பது வெற்றி, சர்வாதிகாரத்தின் இடரை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்கிறார் லிங்கன். தலைவரைக் குறைகூறும் வழக்கத்தைப் படைக்குள் விதைத்தவர் நீர், அது இனி உம்மையே தாக்கும் என்றும் எச்சரிக்கிறார். கடுமையும் கனிவும் நகையும் ஒருங்கே அமைந்த மடல் அது. தந்தை மகனுக்கு எழுதுவது போன்றது என்று ஹூக்கரே பின்னர் நெகிழ்ந்து கூறியதாகச் செய்தியாளர் நோவா புரூக்ஸ் பதிந்துள்ளார்.

ஹூக்கர் உணவையும் விடுப்பையும் ஒழுங்குபடுத்திப் படையின் உள்ளத்தை மீட்டார். மே முதல் வாரத்தில் சான்சலர்ஸ்வில்லில் ஏறத்தாழ 1,30,000 பேரோடு 60,000 பேரை எதிர்கொண்டார். நன்கு தொடங்கிய படையெடுப்பைத் தாமே நிறுத்திக் காட்டினுள் பின்வாங்கினார். லீ தம் சிறுபடையையும் பிரித்து, ஸ்டோன்வால் ஜாக்சனைக் காட்டுவழியே சுற்றி அனுப்பி, மே 2ஆம் நாள் மாலையில் வலப்பக்கத்தைச் சிதறடித்தார். அன்றிரவே ஜாக்சன் தம் வீரர்களின் குண்டு தவறிப் பட்டு வீழ்ந்தார். எட்டு நாளில் உயிர் நீத்தார். வடபடையின் இழப்பு ஏறத்தாழ 17,000. லிங்கனின் மடலில் இருந்த எச்சரிக்கை பலித்தது: ஹூக்கர் விதைத்த குறைகூறல் ஹூக்கரையே சூழ்ந்தது.

கிராண்டுக்கு எழுதியது

மேற்கில் நிலை வேறாக இருந்தது. கிராண்ட் 1854இல் படைப்பணியை விட்டு விலகியவர். போர் தொடங்கியபோது இலினாய் மாநிலத்தின் கலீனா ஊரில் தந்தையின் தோல்கடையில் வேலை செய்தவர். 1862 பிப்ரவரியில் டொனல்சன் கோட்டையைக் கைப்பற்றியும், ஏப்ரலில் ஷைலோவில் முதல்நாள் தோல்வியை மறுநாள் வெற்றியாக மாற்றியும் பெயர் பெற்றார். குடிப்பவர் என்னும் பழிச்சொல் அவரை விடாது தொடர்ந்தது. அவருடைய துணைத்தளபதி மக்கிளெர்னண்டோ, அரசியல் செல்வாக்கைக் கொண்டு தனித்தலைமை பெற முயன்றார்.

மிசிசிப்பியின் உயர்ந்த கரையில் அமைந்த விக்ஸ்பர்க், தென்னாட்டின் இரு பகுதிகளையும் இணைத்த பூட்டு. 1862-63 குளிர்காலம் முழுதும் கிராண்ட் கால்வாய் வெட்டியும், சதுப்புநிலக் கிளையாறுகளில் படகு செலுத்தியும் பார்த்தார், ஒன்றும் பயன்படவில்லை. ஏப்ரல் 16ஆம் நாள் இரவு கப்பற்படைத் தலைவர் போர்ட்டரின் கலங்கள் கோட்டைப் பீரங்கிகளின் வாய்முன்னே ஆற்றில் கீழிறங்கின. ஏப்ரல் 30இல் படை ஆற்றைக் கடந்தது. பின்னர் எவரும் எதிர்பாராத வகையில் கிராண்ட் தம் வழங்கல் வழியை நம்பியிராமல் உள்நாட்டில் புகுந்தார். மே 14இல் ஜாக்சன் நகரத்தைக் கைப்பற்றினார். 16இல் சாம்பியன் குன்றில் வென்றார். கோட்டைக்குள் பகைவரை அடைத்தார். மே 19, 22 ஆகிய நாள்களில் மதிலை நேரே தாக்கித் தோற்றபின் முற்றுகையில் அமர்ந்தார். தமிழிலக்கணம் உழிஞை என்றும் நொச்சி என்றும் இருபுறமும் பெயரிட்டுப் பாடும் போர் அது. உள்ளே பட்டினி, வெளியே மண்வெட்டி. ஜூலை 4ஆம் நாள் ஏறத்தாழ 30,000 பேரோடு கோட்டை பணிந்தது.

ஜூலை 13ஆம் நாள் லிங்கன் கிராண்டுக்கு எழுதிய மடல் மிகச் சிறியது. நாம் இருவரும் நேரில் சந்தித்ததாக நினைவில்லை என்று தொடங்குகிறது. கலங்களைக் கோட்டையைக் கடந்து கீழிறக்க வேண்டும் என்பதே தம் எண்ணமாகவும் இருந்தது என்கிறது. ஆற்றைக் கடந்தபின் தெற்கே சென்று தளபதி பேங்க்சோடு சேர்தல் வேண்டும் என்று தாம் கருதியதையும், கிராண்ட் வடக்கே திரும்பியபோது அது பிழை என்று அஞ்சியதையும் கூறுகிறது. நீர் எண்ணியதே சரி, நான் எண்ணியது தவறு என்று ஒப்பி முடிகிறது. தாம் ஐயுற்றது எவருக்கும் தெரியாதிருந்த நிலையில், அதனைத் தாமே எடுத்துச் சொல்லி ஒப்பவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. நாடாளும் ஒருவர் தம் ஆணைக்குக் கீழ்ப்பட்ட, முகம் அறியாத ஒருவருக்கு இதனை எழுதினார் என்பதே அதன் அருமை.

மீடுக்கு எழுதியது

ஜூன் 28ஆம் நாள் விடியுமுன் மீடின் கூடாரத்திற்குள் ஓர் அலுவலர் நுழைந்தார். தம்மைக் கைது செய்ய வந்துள்ளார் என்றே மீட் முதலில் எண்ணினார். ஹூக்கர் விலகினார், இனிப் படைத்தலைவர் நீரே என்பது வந்த செய்தி. மூன்றே நாளில், பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் ஊரில் லீயின் படையோடு மோதல் மூண்டது. ஜூலை 1 முதல் 3 வரை நிகழ்ந்த அப்போரில் இருதரப்பு இழப்பு ஏறத்தாழ 51,000. மூன்றாம் நாள் பிற்பகலில் லீ ஏறத்தாழ 12,500 பேரைத் திறந்த வயல்வெளியில் நடக்கவிட்டு நடுவணியைத் தாக்கினார். அவருள் பாதிக்குமேல் மீளவில்லை.

ஜூலை 4ஆம் நாள் லீ பின்வாங்கினார். மழையால் போட்டோமாக் ஆறு பெருகியிருந்தது, பாலம் அழிக்கப்பட்டிருந்தது. ஆற்றுக்கும் வடபடைக்கும் இடையே தென்படை சிக்கியது. அந்நாளில் மீட் தம் வீரர்களைப் பாராட்டி விடுத்த ஆணையில், பகைவரை நம் மண்ணிலிருந்து வெளியேற்றுவது பற்றிக் குறித்திருந்தார். அதனைப் படித்த லிங்கன் மனம் உடைந்தார். நாடு முழுதும் நம் மண் அன்றோ என்பது அவர் வருத்தம். ஒரு சொல்லில் ஒரு தளபதியின் போர்நோக்கு முழுதும் வெளிப்பட்டுவிடும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

மீட் மெல்லத் தொடர்ந்தார். 12ஆம் நாள் தம் பிரிவுத் தளபதிகளைக் கூட்டிக் கேட்டார். பெரும்பான்மையோர் தாக்குதல் வேண்டா என்றனர். 13ஆம் நாள் இரவில் லீ ஆற்றைக் கடந்தார். 14ஆம் நாள் முன்னேறிய வடபடை வெறும் அகழிகளைக் கண்டது.

அன்று எழுதிய மடலில் லிங்கன் கெட்டிஸ்பர்க் வெற்றிக்கு நன்றி கூறித் தொடங்கினார். சிறு துன்பமும் உமக்குத் தர விரும்பேன் என்றார். ஆயினும் லீ தப்பியதன் பேரிழப்பை நீர் உணர்ந்ததாகத் தோன்றவில்லை. அவர் உம் கைக்கெட்டும் தொலைவில் இருந்தார். அவரை வளைத்திருப்பின் போர் முடிந்திருக்கும். இனி அஃது எல்லையின்றி நீளும். என் துயருக்கு அளவில்லை என்றார். படிக்கும்தோறும் ஒரு தனிமனிதரின் கண்ணீர் தெரியும் எழுத்து அது. ஆன்டீட்டத்திற்குப்பின் இதே லீ இதே ஆற்றை இவ்வாறே கடந்து சென்றதை அவர் மறந்திருக்க முடியாது.

அம்மடல் போயிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதற்கு அன்றே ஒரு சான்று கிடைத்தது. தலைமைத் தளபதி ஹாலெக், குடியரசுத் தலைவர் மிகவும் மனநிறைவின்றி உள்ளார் என்று மீடுக்குத் தந்தி கொடுத்திருந்தார். அவ்வொரு வரிக்கே மீட் பதவி விலக முன்வந்தார். லிங்கனின் முழு மடலையும் அவர் படித்திருந்தால் விலகியே தீர்ந்திருப்பார். பத்துத் திங்களுக்குள் நான்கு தலைவர்களைக் கண்ட படை ஐந்தாமவரைத் தேட நேர்ந்திருக்கும்.

மீடின் பக்கமும் நியாயம் இருந்தது. அவர் தலைமை ஏற்று இரண்டு வாரமே ஆகியிருந்தது. படை 23,000 பேரை இழந்திருந்தது. ரெனால்ட்ஸ் மாண்டார், ஹான்காக் படுகாயமுற்றார், சிக்கிள்ஸ் ஒரு காலை இழந்தார். லீயின் அகழிகள் வலிமையாக அமைந்திருந்தன. வெற்றி கைக்கெட்டியதா இல்லையா என்பது இன்றும் வரலாற்றறிஞரிடையே முடியாத வழக்கு. முன்னாள்தான் ஒரு தளபதியைப் பற்றித் தாம் கொண்ட ஐயம் தவறு என்று எழுதிய கை, மறுநாள் மற்றொரு தளபதியைப் பற்றிய சினத்தை உறைக்குள் வைத்தது. ஏழு நாள் கழித்து, ஜூலை 21இல், தளபதி ஹோவர்டுக்கு எழுதியபோது லிங்கன் தெளிந்திருந்தார். செய்யப்பட்டதற்கு ஆழ்ந்த நன்றி, செய்யப்படாததற்குக் குறைகூறல் இல்லை. மீட் துணிவும் திறமும் மெய்ம்மையும் உடையவர் என்று அதில் எழுதினார்.

எதிர்க்கரையில்

தென்னாட்டில் மடல்கள் வேறுவகையில் எழுதப்பட்டன. 1861இல் டேவிஸ் வெளியிட்ட முதுநிலைப் பட்டியலில் தம் பெயர் நான்காவதாக வந்தமைக்காக ஜோசப் ஜான்ஸ்டன் சினந்து நீண்ட மடல் எழுதினார். டேவிஸ் சில வரிகளில் சுடுமொழி கூறி மறுமடல் விடுத்தார். இரு மடல்களும் அனுப்பப்பட்டன. அப்புண் போர் முடிந்தும் ஆறவில்லை.

விக்ஸ்பர்க்கின் வீழ்ச்சியில் அப்புண்ணுக்குப் பங்கு உண்டு. கோட்டைத் தலைவர் பெம்பர்டனிடம், எது நேரினும் நகரைக் காக்க என்றார் டேவிஸ். நகரை விட்டேனும் படையைக் காத்து என்னோடு சேர்க என்றார் ஜான்ஸ்டன். இரு தலைமைகளுக்கிடையே தவித்த பெம்பர்டன் நகரையும் இழந்தார், படையையும் இழந்தார். அதே ஜூலைத் திங்களில் டேவிஸ் பக்கம் பக்கமாக ஜான்ஸ்டனைக் குற்றஞ்சாட்டி எழுதினார். அதுவும் அனுப்பப்பட்டது. டேவிசுக்கும் லீக்கும் இடையே நிலவிய நல்லுறவு கிழக்கே படையைத் தாங்கியது. அத்தகைய உறவு மேற்கே எவரோடும் அமையவில்லை. 1864 ஜூலையில் அட்லாண்டாவின் வாயிலில் ஜான்ஸ்டனை நீக்கி ஹூடை அமர்த்தினார் டேவிஸ். செப்டம்பர் 2இல் அந்நகரம் ஷெர்மன் வசமாயிற்று.

நிறைவாக

1864 மார்ச்சில் கிராண்ட் அனைத்துப் படைகளுக்கும் தலைவரானார். அவரைக் கண்ட மீட், மேற்கிலிருந்து உம்முடன் பழகிய ஒருவரை என் இடத்தில் அமர்த்திக்கொள்ளலாம், தயங்க வேண்டா என்றார். அச்சொல்லே மீடின்மீது தம் மதிப்பை உயர்த்தியது என்று கிராண்ட் தம் நினைவுக்குறிப்புகளில் எழுதினார். அவரையே தொடர்ந்து வைத்துக்கொண்டார். ஏப்ரல் 30ஆம் நாள் லிங்கன் கிராண்டுக்கு மீண்டும் எழுதினார். உம் திட்டத்தின் விவரங்களை நான் அறியேன், அறியவும் நாடேன் என்பது அம்மடலின் சாரம். மூன்றாண்டுகளாகத் தளபதிகளுக்குப் போர்ப்பாடம் எழுதிவந்தவர், எழுதாமல் விடுவதற்குரிய ஆளைக் கண்டுகொண்டார்.

அதன் விலை பெரிது. மே முதல் ஜூன் நடுவரை வர்ஜீனியக் காடுகளில் வடபடை ஏறத்தாழ 55,000 பேரை இழந்தது. ஆயினும் ஒவ்வொரு மோதலுக்குப் பின்னும் கிராண்ட் தெற்கு நோக்கியே திரும்பினார். நவம்பரில் லிங்கனை எதிர்த்துத் தேர்தலில் நின்றவர் மக்கிளெலன். அவரை அவ்வளவு நேசித்த வீரர்களுள்ளும் பெரும்பான்மையோர் லிங்கனுக்கே வாக்களித்தனர். 1865 ஏப்ரல் 9இல் அப்போமாட்டக்சில் லீ சரணடைந்தபோது, போட்டோமாக் படையின் தலைவராக மீடே இருந்தார். ஐந்தாம் நாள் இரவு லிங்கன் சுடப்பட்டார்.

அப்போரில் மாண்டோர் 6,20,000 என்பது நெடுங்காலம் வழங்கிய கணக்கு. மக்கள்தொகைப் பதிவுகளைக் கொண்டு அண்மையில் செய்த ஆய்வுகள் அதனை 7 இலட்சத்தை ஒட்டியும் அதற்கு மேலும் உயர்த்துகின்றன. அடிமைத்தளையில் இருந்த ஏறத்தாழ 40 இலட்சம் மக்கள் விடுதலை பெற்றனர். இவ்விரு கணக்குகளின் நடுவே, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ள லிங்கனின் தாள்களுள், மீடுக்குரிய மடல் இன்றும் இருக்கிறது. எழுதியவருக்கு அதனை எழுதாதிருக்க இயலவில்லை; அனுப்பாதிருக்க இயன்றது. சொல்லாட்சி என்பதில் சொல்லை ஆளுதலும் அடங்கும் என்பதற்கு அவ்வுறை சான்றாக நிற்கிறது.